பழைய இசைப்பெட்டியும் விற்பவர் வாய்ச்சொல்லும்

பழம்பொருள்மீது மனிதருக்கு உண்டாகும் பற்று விந்தையானது. புதிய மின்விசிறி ஒன்றை வாங்கப் பத்துக் கடை ஏறி இறங்கி, விலை பேசி, உத்தரவாதச் சீட்டையும் கேட்டு வாங்கும் நாம், பழைய கிராமபோன் ஒன்றையோ வானொலிப் பெட்டி ஒன்றையோ கண்டதும் அந்த எச்சரிக்கை அனைத்தையும் மறந்துவிடுகின்றோம். பாட்டனார் வீட்டு விறாந்தையில் இருந்த பெட்டி மனக்கண்முன் தோன்றுகின்றது. மாலைவேளையில் அதைச் சூழ்ந்திருந்தோர் முகங்கள் தோன்றுகின்றன. அந்த வேளையில் விற்பவர் கூறுவதெல்லாம் எமக்கு வேதவாக்காகி விடுகின்றது.

எமது நண்பர் ஒருவர் யாழ்ப்பாணத்தவர், இளைப்பாறிய ஆசிரியர். அவருடைய தந்தையார் சேர்த்து வைத்த இசைத்தட்டுகளிற் பெரும்பகுதி 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் வீட்டோடு அழிந்தது. முன்னரே கொழும்பிலுள்ள உறவினர் வீட்டில் விட்டிருந்த தகரப் பெட்டி ஒன்றினுள் பதினொரு தட்டுகள் மாத்திரம் தப்பின. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய அரக்குத் தட்டுகள் அவை. அவற்றுள் ஒன்று திருவாவடுதுறை ராஜரத்தினம்பிள்ளை அவர்களின் தோடி. தொண்ணூறு வயதை எட்டிய தாயார் அதை மீண்டும் ஒருமுறை கேட்கவேண்டும் என்ற ஆவலினால், நண்பர் பித்தளைக் குழல் பொருத்திய கிராமபோன் ஒன்றை வாங்கினார். “1920ஆம் ஆண்டின் அசல், முற்றாகப் புதுப்பித்தது, நன்றாக வேலை செய்கின்றது” என்று விற்றவர் மூன்று உறுதிமொழிகள் தந்தார்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் தோடித் தட்டையே வைத்தார். ஊசி முதற் சுற்றிலேயே கரகரத்தது. ஒரு நிமிடத்தினுள் தட்டின் கரிய முகத்திலே சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் விழுந்துவிட்டது. பதறிப்போய்க் கையைத் தூக்கினார். “பணம் போனது பெரிதன்று. இந்தத் தட்டை இனி எங்கே வாங்குவேன்?” என்று அவர் எம்மிடம் கேட்டார். எமக்கு மறுமொழி தோன்றவில்லை. பழைய இசைக்கருவி வாங்க எண்ணும் குடும்பங்களுக்காக இக்கட்டுரையை எழுத முனைந்தது அன்றுதான்.

மூவகைச் சொற்கள்

விற்பவர் எல்லோரும் வஞ்சகர் அல்லர். நண்பர் திரும்பிச் சென்று கேட்டபோது, “எனக்கும் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள், ஐயா” என்றார் அந்த வியாபாரி. அது உண்மையாகவே இருக்கலாம். ஒருவர் சொன்னதை மற்றவர் சொல்லி, நான்கு கை மாறும்போது ஊகமும் வரலாறாகிவிடுகின்றது. எனவே விற்பவர் நல்லவரா என்று ஆராய்வதிற் பயனில்லை. அவர் கூறும் கூற்று எத்தகையது என்று ஆராய்வதே தகும்.

கூற்றுகள் மூவகைப்படும். அவ்விடத்திலேயே கண்ணாலும் காதாலும் சோதிக்கக்கூடியவை ஒருவகை. பற்றுச்சீட்டு, பழைய உதிரிப் பாகம் முதலிய சான்றுகளால் மாத்திரம் நிறுவக்கூடியவை இன்னொருவகை. ஒருவராலும் சோதிக்க இயலாதவை மூன்றாம் வகை. முதல்வகையைச் சோதித்துப் பார்க்கவேண்டும். இரண்டாம் வகைக்குச் சான்று கேட்கவேண்டும். மூன்றாம் வகைக்கு ஒரு சதமும் கொடுத்தலாகாது. “ஒரு துரை வைத்திருந்த பெட்டி” என்பது மூன்றாம் வகை. கதையை ரசிக்கலாம், அதற்கு விலை கொடுக்கவேண்டியதில்லை.

குழலும் நாயும்

குழலின் முன்னமர்ந்து எஜமானின் குரலைக் கேட்கும் நாயின் படத்தை அறியாதார் இலர். அந்த நாயின் பெயர் நிப்பர். படத்தைத் தீட்டியவர் பிரான்சிஸ் பராட் என்னும் ஆங்கில ஓவியர். முதலில் அவர் வரைந்தது உருளையிற் பதிவுசெய்யும் போனோகிராபையே. 1899ஆம் ஆண்டில் இலண்டன் கிராமபோன் கம்பெனி அப்படத்தை வாங்க முன்வந்தபோது, பழைய கருவியின்மேல் வர்ணம் பூசித் தட்டுச் சுழலும் கிராமபோனை வரைந்து கொடுத்தார். ஓவியத்தில் நிகழ்ந்தது இன்று சந்தையிலும் நிகழ்கின்றது. ஒரு கருவியின்மேல் இன்னொன்று பூசப்படுகின்றது.

இந்தியாவிலே பழைய கைப்பெட்டிக் கிராமபோன்களின் இயந்திரத்தைக் கழற்றி, புதிதாய்ச் செய்த மரப்பெட்டியிற் பொருத்தி, பளபளக்கும் பித்தளைக் குழலை ஏற்றி, நாய்ச்சின்னம் பொறித்த தகட்டையும் அடித்து விற்பது நெடுங்காலமாக நடந்துவரும் தொழில். அலங்காரப் பொருள் என்று சொல்லி விற்றால் அதிற் குற்றமில்லை. ‘1920ஆம் ஆண்டின் அசல்’ என்று விற்பதே குற்றம். பெட்டியைத் திறக்கச் சொல்லி உட்புறத்தைப் பார்க்கவேண்டும். வெளிமரம் நூறு வயதுபோற் கறுத்திருக்க, உள்மரம் புதிதாக வெளிறியிருந்தால் ஐயம் கொள்க. திருகாணிகளின் தலை, பித்தளைக் குழலின் பொருத்துவாய், குழலைத் தாங்கும் வளைகுழாயின் முரட்டு வேலை ஆகியவற்றையும் நோக்குக. ஒலிப்பெட்டியைத் தாங்கும் கை பக்கவாட்டிலே தடையின்றி அசைகின்றதா என்று விரலால் மெல்லத் தள்ளிப் பார்த்தல் மிக முக்கியம். கை இறுகியிருந்தால் ஊசி தட்டின் சுவரை அறுத்துக்கொண்டே செல்லும்.

வரலாறும் எமக்குத் துணைசெய்யும். குழலைப் பெட்டியினுள் மறைக்கும் முறை 1906ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. 1931இல் வெளிவந்த ‘எச். எம். வி. 102’ போன்ற மூடியுடைய கைப்பெட்டிகளில் வெளிக்குழலே இல்லை. அழகுக்கன்றி இசைக்காக வாங்குவோர் இத்தகைய எளிய பெட்டியையே நாடுவது நன்று.

நண்பரின் தட்டு கெட்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. அரக்குத் தட்டில் அரைத்த கற்றூள் கலந்திருக்கும். அது உருக்கு ஊசியின் முனையைத் தேய்த்துத் தன் பள்ளத்துக்கு ஏற்ப வடிவாக்கிவிடும். தேய்ந்த ஊசி அடுத்த தட்டுக்கு உளியாகின்றது. அதனால் தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் புதிய ஊசி இடவேண்டும் என்பது அந்நாளைய வழக்கம். விற்றவர் பொருத்தியிருந்த ஊசி எத்தனை பக்கம் ஓடியதோ யாரறிவார்? 1948ஆம் ஆண்டுமுதல் வந்த நெடுநேரத் தட்டுகளை இப்பெட்டியில் வைப்பதோ பெரும் பிழை. அவற்றின் நுண்ணிய பள்ளங்கள் உருக்கு ஊசியின் பாரத்தைத் தாங்கா.

‘வேலை செய்கின்றது’

இந்த ஒரு சொல்லினுள் எத்தனையோ பொருள் ஒளிந்திருக்கின்றது. விளக்கு எரிவதும் தட்டு சுழல்வதும் ‘வேலை செய்வதே’. இசைக்கருவிக்கு அது போதாது.

வேகத்தைச் சோதிக்கக் கைக்கடிகாரமும் கடதாசித் துண்டொன்றும் போதும். தட்டின் விளிம்பின்கீழ்க் கடதாசி சிறிது வெளியே தெரியுமாறு செருகி, ஊசி தட்டின்மேல் இருக்கும்போதே சுற்றுகளை எண்ணவேண்டும். கிராமபோனாயின் அரை நிமிடத்தில் 39 சுற்று. நெடுநேரத் தட்டாயின் மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று. சிறிய 45 தட்டாயின் நிமிடத்துக்கு 45. அதன்பின் நாதசுரத்தின் நீண்ட கார்வை ஒன்றைக் கேட்கவேண்டும். சுருதி நடுங்கினால் மோட்டாரிலோ வாரிலோ குறையுண்டு. இச்சோதனைக்கு வீட்டிலிருந்து தட்டொன்றைக் கொண்டுசெல்லுங்கள். அது கெட்டாலும் கவலையில்லாத தட்டாக இருக்கட்டும்.

மின்சாரத்தில் இயங்கும் தட்டுச் சுழற்றியாயின் ஊசியின் வயதைக் கேளுங்கள். வைர ஊசிக்கு 500 முதல் 1000 மணி நேரம் என்பது செய்வோர் பொதுவாகக் கூறும் கணக்கு. நீலக்கல் ஊசி அதைவிட வெகுவிரைவில் தேயும். வயது தெரியாவிட்டால் புதிய ஊசியின் விலையைக் கேட்கும் விலையிலிருந்து கழித்துவிட வேண்டியதுதான். பழைய மலிவுச் சுழற்றிகளின் ஊசித்தலையினுள் உப்புப் படிகம் ஒன்று இருக்கும். ஈரக்காற்று அதன் பகை. எமது நாட்டுக் காலநிலையில் அது பல ஆண்டுகள் பழுதின்றி இருந்தது என்று ஒருவர் கூறினால், கேட்டுப் பார்த்தபின்னரே நம்பலாம்.

ஒலிபெருக்கிகளிலே கூம்பைச் சுற்றியுள்ள விளிம்பை மென்மையாகத் தொட்டுப் பாருங்கள். 1970களின் பின் பெருவழக்காயிருந்த நுரைப்பஞ்சு விளிம்பு காலப்போக்கில் தானே பொடியாகிவிடும். பாவிக்காமலே வைத்திருந்தாலும் கெடும். ‘அதிகம் பாவிக்கவில்லை’ என்ற பெருமை இங்கே பயன்படாது. வானொலியையும் ஒலிவிரிவாக்கியையும் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு எழுந்துவிடக் கூடாது. ஒரு மணி நேரமேனும் ஓடவிட்டு, இரைச்சல் மிகுகின்றதா, கருகல் மணம் வருகின்றதா, இருபக்க ஒலியும் சமமா என்று கவனிக்கவேண்டும். சூடேறிய பின்னரே பல நோய்கள் வெளிப்படும்.

“ஒரு வார் மாற்றினாற் போதும்” என்ற சொல்லையும் அடிக்கடி கேட்கின்றோம். இறப்பர் வார் மலிவான பொருள். அதை மாற்றினால் விலை இரட்டிக்குமெனின் விற்பவரே ஏன் மாற்றவில்லை? இந்தக் கேள்வியைப் பணிவோடு கேட்டுப் பாருங்கள். மறுமொழியிற் பல உண்மைகள் வெளிவரும்.

‘புதுப்பித்தது’

தூசி தட்டித் துணியால் துடைப்பதும் புதுப்பித்தலே. மரத்துக்கு மெருகிடுவதும் புதுப்பித்தலே. ஆனால் பழைய வால்வு வானொலியின் உயிர்நிலை அதன் கொள்ளளவிகள். திருத்துவோர் ‘கண்டென்சர்’ என்பர். மின்வழங்கலைச் சீராக்கும் பெரிய கொள்ளளவி காலத்தாற் காய்ந்துபோகும்; அதனால் ஓயாத ‘ஹம்’ ஒலி எழும். மெழுகு பூசிய கடதாசிக் கொள்ளளவிகளோ மின்னைக் கசியவிட்டு, விலையுயர்ந்த வால்வையும் நிலைமாற்றியையும் எரித்துவிடக்கூடும். எனவே புதுப்பித்தது எனப்பட்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்தப் பாகங்கள் மாற்றப்பட்டன? மாற்றியவர் யார்? கழற்றிய பழைய பாகங்கள் எங்கே? நேர்மையான திருத்துநர் இம்மூன்றுக்கும் தயங்காது விடை கூறுவார்.

பெட்டியினுள் உறையும் ஆபத்து

பிள்ளைகள் உள்ள வீட்டார் இப்பகுதியைச் சற்று நின்று படிக்கவேண்டும். அந்நாளில் நேரோட்டம், ஆடலோட்டம் ஆகிய இரண்டிலும் இயங்குமாறு மலிவாகச் செய்யப்பட்ட வானொலிகள் உண்டு. அவற்றுள் நிலைமாற்றி இல்லை. உலோக அடித்தட்டு நேரே மின்கம்பியோடு இணைந்திருக்கும். செருகி மாறிப் பொருந்தினால் அடித்தட்டு முழுவதிலும் 230 வோற்று நிற்கும். குமிழ் கழன்றுபோன தண்டைத் தொட்டாலும் உயிருக்கு ஆபத்து.

இதை அறிய எளிய குறி ஒன்றுண்டு. ஐரோப்பிய வால்வுகளின் பெயரிலே முதலெழுத்து அதன் இழைக்கு மின் ஊட்டும் முறையைக் கூறும். ‘ஈ’ எனத் தொடங்கினால் 6.3 வோற்று. ‘யூ’ எனத் தொடங்கினால், எடுத்துக்காட்டாக ‘யூஎல் 41’ என்றிருந்தால், எல்லா இழைகளும் ஒரே தொடராக மின்னில் இணைக்கப்படும் வகை. ‘யூ’ வால்வுகளைக் கண்டால் அடித்தட்டு மின்னேறியது என்றே கொண்டு, தேர்ந்த திருத்துநரிடம் காட்டாது தொடவேண்டாம். ‘ஈ’ வால்வைக் கண்டதனால் மாத்திரம் பயமில்லை என்றும் எண்ணிவிடக் கூடாது. நெடுநாள் உறங்கிய எந்தப் பெட்டியையும் நேரே மின்னிற் செருகாமல், மின்குமிழ் ஒன்றைத் தொடராக இணைத்துச் சோதிப்பதே திருத்துநர் வழக்கம். ஆர்வமிக்க மாணவர்க்கு ஒரு சொல்: செருகியைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவியில் மின் தங்கியிருக்கும். கற்றவர் ஒருவர் பக்கத்தில் இல்லாது மூடியைத் திறத்தல் ஆகாது.

கடல் கடந்து வந்தவை

யப்பானிலிருந்து வரும் பாவித்த கருவிகள் பார்வைக்கு மிக அழகியவை. ஆனால் அந்நாட்டு மின்சாரம் 100 வோற்று. எமது நாட்டிலோ 230. நிலைமாற்றியின்றிச் செருகினால் கணத்திற் புகைந்துவிடும். “மாற்றி ஒன்று போட்டாற் போதும்” என்பது பாதி உண்மை. யப்பானின் கிழக்குப் பகுதியில் மின்னின் மீடிறன் வினாடிக்கு 50. மேற்குப் பகுதியிலும் அமெரிக்காவிலும் 60. வோற்றளவை மாற்றும் நிலைமாற்றி மீடிறனை மாற்றாது. 60க்கென அமைந்த பழைய சுழற்றியின் மோட்டார் இங்குள்ள 50இல் ஆறிலொரு பங்கு மெதுவாகச் சுழலும். 33⅓ சுற்றுக்குப் பதிலாக 28 சுற்றுக்கும் குறைவு. பாடகியின் குரல் பாடகரின் குரலாகிவிடும். உரிய கப்பி கிடைக்குமா என்று வாங்குமுன் விசாரிக்கவேண்டும்.

வானொலியிலும் ஒரு பொறியுண்டு. யப்பானியப் பழைய பெட்டிகளின் பண்பலைப் பட்டை 76 முதல் 90 மெகா ஹேர்ட்ஸ் வரை மாத்திரமே. எமது நிலையங்களோ 108 வரை பரந்துள்ளன. பெட்டியிற் பழுதொன்றும் இராது. ஆயினும் பெரும்பாலான நிலையங்கள் கேளா. அளவுகோலின் எண்களை வாசித்தாலே இதனை அறியலாம்.

எண்களின் மயக்கம்

எண்ணைக் காட்டி மயக்குதல் புதியதன்று. 1954இல் அமெரிக்காவில் வெளிவந்த முதலாவது டிரான்சிஸ்டர் வானொலியில் நான்கு டிரான்சிஸ்டர்களே இருந்தன. பின்னர் 1960களில் எண்ணிக்கையே பெருமையாகிவிட, ஒரு வேலையும் செய்யாத டிரான்சிஸ்டர்களையும் பெட்டியினுள் ஒட்டிவைத்துப் ‘பத்து டிரான்சிஸ்டர்’ என்று முகப்பில் எழுதியவர்களும் இருந்தனர்.

பெரிய கசெற் பெட்டிகளின் முகப்பிலே ‘1000 வாற்று’ என்று பொறித்திருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். பின்புறத் தகட்டைப் பாருங்கள். மின் நுகர்வு 60 வாற்று என்று அதில் இருக்கக்கூடும். அறுபது கொடுத்து ஆயிரம் பெறும் கருவி உலகில் இல்லை. முகப்பிலுள்ளது கண்ணிமைப்பொழுதுக்குரிய கற்பனைக் கணக்கு. இத்தகைய மிகைகளைத் தடுக்கவே அமெரிக்க அரசு 1974இல் ஒலிவிரிவாக்கிகளின் வாற்றளவை எவ்வாறு அளந்து விளம்பரம் செய்வது என விதி வகுத்தது.

‘அசல்’, ‘அரிது’

இவ்விரு சொற்களுமே விலையை மிக உயர்த்துவன. இங்கிலாந்தின் சுவிண்டன் நகரிற் செய்யப்பட்ட ‘காராட் 301’ என்னும் சுழற்றி 1950களில் வந்தது. இன்றும் பலர் தேடுவது. அது மரப்பீடமும் ஊசிக்கையும் இல்லாத மோட்டார் அலகாகவே விற்கப்பட்டது. ஏனையவற்றை வாங்குபவரே தேடிப் பொருத்தினர். இதை அறிந்தவரிடம் “பீடமும் தொழிற்சாலை அசல்” என்று ஒருவர் மேலதிகப் பணம் கேட்க முடியாது. பொருளின் வரலாற்றைப் படிப்பதற்குச் செலவில்லை, படியாமைக்கே செலவுண்டு.

வால்வுகளிலும் அவ்வாறே. ‘முல்லாட்’, ‘டெலிபுங்கன்’ என்ற பெயர்களைப் பிற கண்ணாடியின்மேல் அச்சிட்டு விற்பது அறியப்பட்ட மோசடி. அச்சு அழியும், புதிதாகவும் இடலாம். டெலிபுங்கனின் சிறிய வால்வுகள் பலவற்றில் அடிக்கண்ணாடியிலே, ஊசிகளின் நடுவில், சாய்சதுரக் குறி வார்ப்பிலேயே அமைந்திருக்கும். அச்சிட்ட பெயரைவிட வார்ப்பில் அமைந்த குறியே நம்பத்தக்கது. வயதையும் இவ்வாறே உய்த்துணரலாம். பண்பலைப் பட்டையுள்ள பெட்டி 1930களில் இலங்கைக்கு வந்தது என்றால் காலம் பொருந்தாது. ‘ஸ்டீரியோ’ என்று எழுதிய தட்டு 1957க்கு முந்தியது என்றால் அதுவும் பொருந்தாது. அரிது என்பதைப் பொறுத்தவரை, எவரும் தேடாத பொருளும் அரிதாகவே இருக்கும் என்பதை நினைவிற் கொள்க.

ஈற்றில் ஒரு சொல்

எல்லாவற்றையும் நோக்கி நாம் கண்ட நெறி இதுவே: நிறுவப்படாத ஒவ்வொரு கூற்றையும் இல்லாததாகவே கொண்டு, திருத்தும் செலவையும் கூட்டி, அதன்பின் விலை பேசுக. அவசரப்படுத்துபவரிடம் வாங்கவேண்டாம். சோதிக்க விடாதவரிடம் வாங்கவே வேண்டாம். வீட்டிலே மீளப் பெறமுடியாத தட்டு இருந்தால், எந்தப் பழைய பெட்டியிலும் வைப்பதற்கு முன், 78 தட்டுக்குரிய அகன்ற ஊசியும் இலேசான கையும் உடைய நல்ல சுழற்றியில் வைத்து ஒலியைப் பதிவுசெய்து காத்துக்கொள்ளுங்கள்.

எமது நண்பர் பிந்தியேனும் அதையே செய்தார். பதினொரு தட்டுகளும் பதிவாகின. பித்தளைக் குழல் இப்போது அவர் வீட்டு வரவேற்பறையில் அழகுக்காக நிற்கின்றது. பதிவைத் தாயாருக்குக் கேட்பித்த அன்று நாமும் அங்கிருந்தோம். தோடியின் தொடக்கத்திலே, சாம்பல் வளையம் விழுந்த இடத்தில், மழை பெய்வதுபோல் இரைச்சல். நண்பர் தலை குனிந்தார். ஒரு நிமிடம் கழிந்தது. இரைச்சல் அடங்கி, அதன் நடுவிலிருந்து நாதசுரம் எழுந்தது. கண்களை மூடியிருந்த அம்மையார் மகனின் கையைத் தட்டிக் கூறினார்:

“இரைச்சல் கிடக்கட்டும் தம்பி. வாத்தியம் கேக்குதுதானே.”